நாளைக்கு ஒரு நாள் மட்டும்

நான்கு தடவைதான் சொல்லியிருப்பேன். ஐந்தாவது தடவை நான் சொல்லவில்லை, அது நிச்சயம், ஐந்தாவது தடவை நான் வாயையே திறக்கவில்லை. மேடையில் யாரோ மைக்கைத் தட்டிப் பார்க்கிறார்கள், டொக், டொக், முந்நூறு ஆசிரியர்கள் உட்கார்ந்திருக்கும் இந்தக் கல்யாண மண்டபத்தில் எனக்கு மட்டும் ஏன் இன்றைக்கென்று பார்த்து இது ஓடுகிறது, நாலா, அஞ்சா என்று. காலையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதுகூட இல்லை. வாசலில் கல்கண்டு கொடுத்து, ஒரு ஃபைலும் பேனாவும் கையில் திணித்தார்கள். ஃபைலைத் திறந்து நிகழ்ச்சி நிரலைப் பார்த்தேன். நான்காவதாக என் பெயர். திருமதி தமயந்தி, தலைமையாசிரியை, வெற்றி அனுபவப் பகிர்வு, பத்து நிமிடம். அந்த 'வெற்றி'யில்தான் ஆரம்பித்தது. என்ன, பொய்யா? பொய்யில்லை. எங்கள் பள்ளியில் இன்றைக்கு ஏழு பிள்ளைகள் இருக்கிறார்கள். கண் தெரியாதவள் ஒருத்தி, காது கேட்காத அக்காவும் தங்கையும், நடக்க முடியாதவன் ஒருவன், எதையும் மெதுவாகப் புரிந்துகொள்ளும் மூன்று பேர். ஏழு பேரையும் வீடு வீடாகப் போய் நான்தான் கூட்டிக்கொண்டு வந்தேன். ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள், அப்படியும் மறுநாள் போனேன். ஏன் இப்படி அலைகிறாய் என்று யாரும் என்னைக் கேட்டதில்லை, நல்ல மனசு என்று எடுத்துக்கொண்டார்கள். அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் நான் போகவில்லை. அது பழைய ஊர், பழைய பள்ளி, இங்கிருந்து இருபது கிலோமீட்டர், நான் அங்கே மூன்றாம் வகுப்பு ஆசிரியையாக இருந்தபோது நடந்தது, பன்னிரண்டு வருஷமாயிற்று. கைப்பையில் மூன்று பக்கம் டைப் அடித்து வைத்திருக்கிறேன். சாய்தளம் கட்டியது, தொட்டுப் படிக்கும் எழுத்துப் பலகை வாங்கியது, பெற்றோர் கூட்டம் போட்டது எல்லாம் அதில் இருக்கிறது. வள்ளிமயில் இல்லை.

"என்ன தமயந்தி, இந்த ஏ.சி.யிலயும் உனக்கு வேர்க்குது?" என்று பக்கத்து நாற்காலியிலிருந்து குருவம்மாள் கேட்கிறாள். நானும் அவளும் ஒரே வருஷம் ஆசிரியர் பயிற்சி முடித்தவர்கள், பக்கத்து ஒன்றியத்தில் அவளும் தலைமையாசிரியை. "ஒண்ணுமில்ல, பேசணும்ல, அதான்" என்கிறேன். "நீ பேசாததா" என்று சொல்லிவிட்டு சேலைத் தலைப்பைத் தோளில் இழுத்துப் போர்த்திக்கொண்டு செல்போனுக்குள் போய்விட்டாள். மேடைக்குப் பின்னால் மாநாட்டு ஃபிளெக்ஸ் கட்டியிருக்கிறார்கள், அது சின்னதாகப் போய்விட்டது, அதன் ஓரத்தில் போன முகூர்த்தத்தின் தெர்மாகோல் எழுத்துகள் எட்டிப் பார்க்கின்றன, மாப்பிள்ளையின் பெயர் பாதி தெரிகிறது, பெண்ணின் பெயர் முழுக்க மறைந்துவிட்டது. சென்னையிலிருந்து வந்திருக்கும் பேராசிரியர் பேச ஆரம்பித்துவிட்டார். திரையில் படம் வருகிறது, ஒரு பையன் இன்னொரு பையனின் சட்டைப் பித்தானைப் போட்டுவிடுகிறான், கீழே 'சகமாணவர் துணை' என்று எழுதியிருக்கிறது. இதை நாம் பயிற்சி கொடுத்து வளர்க்க வேண்டும் என்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது. என் வகுப்பில் யாரும் பயிற்சி கொடுக்கவில்லை. மாரிக்கனி வள்ளிமயிலை இடுப்பில் தூக்கிக்கொண்டு வருவாள், எட்டு வயசுப் பிள்ளை, கால் இரண்டும் அம்மாவின் முழங்காலுக்குக் கீழே தொங்கும், சுவரோரம் ஒரு சாக்கை விரித்து உட்காரவைத்துவிட்டு, பாவாடையை இழுத்துவிட்டுவிட்டு, தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்கு ஓடுவாள். பிள்ளையின் நெஞ்சில் ஊக்கு குத்திய துண்டு ஒன்று இருக்கும். எச்சில் வடியும். யாராவது ஒருத்தி எழுந்து போய்த் துடைத்துவிட்டு வந்து மறுபடி கூட்டல் கணக்குப் போடுவாள். இன்றைக்கு யார், நாளைக்கு யார் என்று அவர்களுக்குள் ஒரு முறை இருந்தது, எனக்கு அது தெரியாது, நான் கேட்டதுமில்லை. அவள் பேச மாட்டாள். சிரிப்பாள். காலை வழிபாட்டில் எல்லாரும் அசையாமல் நிற்கும்போது பலமாகச் சிரிப்பாள். யாராவது அடி வாங்கினால் அழுவாள். வாய்ப்பாடு சொன்னால் சிரிப்பாள், ஏழாம் வாய்ப்பாடு என்றால் ரொம்பச் சிரிப்பாள், ஏழில் என்ன இருந்தது அவளுக்கு, தெரியவில்லை. அந்தச் சிரிப்புதான் எனக்குப் பயம்.

முதல் தடவை அதிகாரி வந்தது. அது நன்றாக நினைவிருக்கிறது. பக்கத்துப் பள்ளியில் பிள்ளைகள் முன்னாலேயே ஒரு டீச்சரை அழ வைத்துவிட்டு வந்தார் என்று பேச்சு. எனக்குப் பதவி உயர்வுப் பட்டியல் வருகிற நேரம். சாயந்திரம் மாரிக்கனி வந்தாள், உடம்பெல்லாம் தீக்குச்சி மருந்து வாசனை, விரல் நுனியெல்லாம் வெள்ளையாக. "மாரிக்கனி, நாளைக்கு ஒரு நாள் மட்டும் பாப்பாவ வீட்டுல வச்சுக்கம்மா. அதிகாரி வாராரு. புது ஆளப் பாத்து புள்ள பயந்துறக் கூடாதுல்ல." அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "சரிங்க டீச்சர். முன்னாடியே சொன்னீங்களே, அதுவே நல்லதாப் போச்சு. அவ பாட்டுக்குச் சிரிச்சு வச்சா உங்களுக்குல்ல கெட்ட பேரு." நான் போட்ட திரையை அவள் விலக்கினாள், விலக்கியது தெரியாமலே மறுபடி மூடினாள். பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். நான் நிம்மதியாக இருந்தேன். மறுநாள் அவளுக்குக் கூலி போயிருக்கும், ஒரு நாள் வீட்டிலிருக்க வேண்டுமே, அது எனக்குத் தோன்றவே இல்லை. இல்லை, தோன்றியது. தோன்றி, போய்விட்டது. இரண்டாவது தடவை வாசிப்புத் தேர்வு, வகுப்பின் சராசரி குறையும் என்று. மூன்றாவது தடவை ஆண்டு விழா, யாரோ பெரிய மனிதர் வந்தார். நான்காவது. நான்காவது தடவை எதற்கு? அதிகாரி இல்லை, தேர்வு இல்லை, விழா இல்லை. மழை நாளா? எனக்குத் தலைவலியா? காரணமே இல்லாமல் சொன்னேனா? ஒவ்வொரு முறையும் இங்கேதான் வந்து நிற்கிறேன். முதல் மூன்றுக்கும் என்னிடம் பதில் இருக்கிறது, கேவலமான பதில்தான், ஆனால் பதில். நான்காவதுக்கு ஒன்றுமில்லை. 'நாளைக்கு ஒரு நாள் மட்டும்' என்று என் குரல் கேட்கிறது, அதற்கு முன்னும் பின்னும் ஒன்றும் இல்லை.

கைதட்டுகிறார்கள். பேராசிரியர் முடித்துவிட்டார். இரண்டாவது ஆள் யாரோ மருத்துவர், குழந்தை எத்தனை மாதத்தில் கழுத்து நிற்க வேண்டும் என்று சொல்கிறார். முன்வரிசையில் பத்துப் பதினைந்து பெற்றோர்களை உட்காரவைத்திருக்கிறார்கள், மாநாட்டுக்கென்று ஒன்றியம் ஒன்றியமாக அழைத்து வந்தவர்கள். அதில் ஒரு பெண்ணின் பின்கழுத்து. ஒல்லியான கழுத்து, கொண்டையை உருட்டிச் சொருகியிருக்கிற விதம், இடது பக்கம் கொஞ்சம் சாய்ந்த தோள். இடுப்பில் பிள்ளையைத் தூக்கித் தூக்கிச் சாய்ந்த தோள் அப்படித்தான் இருக்கும். மாரிக்கனியாக இருந்தால்? நான் மேடையேறி ஏழு பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது அவள் எழுந்து நின்றால்? எழுந்து நிற்க மாட்டாள். அதைவிட மோசம், கை தட்டுவாள். அவள் என் வெற்றியைக் கேட்டு முகமெல்லாம் சிரிப்பாகக் கை தட்டுவாள், எங்க டீச்சர் என்று பக்கத்திலிருப்பவளிடம் சொல்வாள். அந்தப் பெண் திரும்பினாள். வேறு யாரோ. மூக்குத்தி போட்ட, இளவயசுப் பெண். எவ்வளவு நிம்மதியாக இருந்தது எனக்கு, அப்பாடா என்று மூச்சு விட்டேன், விட்ட அந்த மூச்சைக் கேட்டதும்தான் எனக்கே என்னைப் பிடிக்காமல் போனது. மூன்றாம் தடவைக்கும் நான்காம் தடவைக்கும் நடுவிலேயே மாரிக்கனி தினமும் கேட்க ஆரம்பித்திருந்தாள். சாயந்திரம் வந்து பிள்ளையைத் தூக்கும்போது, "நாளைக்குக் கூட்டிட்டு வரலாமா டீச்சர்?" என்பாள். நான் தடை சொன்னால்தான் விஷயம் என்று இருந்தது போய், நான் அனுமதி சொன்னால்தான் உண்டு என்று ஆகிவிட்டது, யாரும் மாற்றவில்லை, தானாகவே மாறிக்கொண்டது. "வா, வா, இதென்ன கேள்வி" என்று சொல்லியிருக்கிறேன். நிறைய நாள் சொல்லியிருக்கிறேன். அப்புறம் அந்த ஒரு நாள். நான் மதிப்பெண் பதிவேடு எழுதிக்கொண்டிருந்தேன். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டாள். கேட்டது காதில் விழுந்தது. நன்றாக விழுந்தது. நான் நிமிரவில்லை. எழுதிக்கொண்டே இருந்தேன், அறுபத்து மூன்று, நாற்பத்தைந்து, எழுபத்தொன்று. பிள்ளையை ஒரு இடுப்பிலிருந்து இன்னொரு இடுப்புக்கு மாற்றினாள், கண்ணாடி வளையல் சத்தம். இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள். நான் எழுதினேன். போய்விட்டாள்.

மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும். வகுப்பு அமைதியாக இருந்தது, ஏழாம் வாய்ப்பாட்டை யாரும் சிரிக்காமல் சொன்னார்கள். "வள்ளிமயில் எப்ப டீச்சர் வரும்?" என்று ஒருத்தி கேட்டாள், அன்றைக்குத் துடைக்கிற முறை அவளுடையதாக இருக்கும். உடம்பு சரியில்லை என்றேன். சாக்கை மடித்து அலமாரிக்கு மேலே போட்டேன். போய்க் கூப்பிட்டிருக்கலாம், பள்ளிக்கூடத்திலிருந்து அந்த வீடு ஐந்து நிமிஷம். வருவாள், அவளாகவே வருவாள் என்று இருந்தேன். பதிவேட்டிலிருந்து பெயரை எடுக்கவில்லை, எடுக்கக் கூடாது என்று உத்தரவு. அவள் நான்காம் வகுப்புக்குப் போனாள், ஐந்தாம் வகுப்புக்குப் போனாள், ஐந்தாம் வகுப்பு முடித்தாள், காகிதத்தில். நடத்தை நன்று என்று நானே எழுதினேன். அந்தச் சான்றிதழை வாங்க யாரும் வரவில்லை. நடுவில் ஒரு நாள் பஸ்ஸுக்கு நடந்து போகும்போது அந்தத் தெரு வழியாகப் போக வேண்டியதாகிவிட்டது. வீட்டு வாசற்படியில் அவளைக் கிடத்தியிருந்தார்கள், தெருவைப் பார்த்தபடி. உள்ளே மாரிக்கனி தீப்பெட்டிக்கு அட்டை ஒட்டிக்கொண்டிருந்தாள், ஆபீஸ் வேலை போய் வீட்டு வேலையாகிவிட்டது, முதுகு மட்டும் தெரிந்தது. பிள்ளை என்னைப் பார்த்தாள். பார்த்ததும் சிரித்தாள், வகுப்பறையில் சிரித்த அதே சிரிப்பு, உடம்பு முழுவதும் குலுங்க, கையைத் தூக்கப் பார்த்தாள். என்னைத் தெரிந்தது அவளுக்கு. நான் வாட்சைப் பார்த்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்பதுபோல, யாருக்காக அந்த நடிப்பு, தெருவில் யாருமே இல்லை, வாட்சைப் பார்த்துக்கொண்டே வேகமாக நடந்தேன். அடுத்த வருஷம் பதவி உயர்வு. ஊர் மாறிவிட்டேன்.

"அடுத்ததாக, திருமதி தமயந்தி அவர்கள்." மூன்றாவது ஆள் பேசி முடித்ததே தெரியவில்லை, குருவம்மாள் முழங்கையால் இடிக்கிறாள். எழுந்தேன், ஃபைல் கீழே விழுந்தது, எடுத்துக் கொடுத்தாள். மைக் முன்னால் மூன்று பக்கத்தையும் விரித்தேன், மதிப்புக்குரிய என்று ஆரம்பிக்கிறது, மதிப்புக்குரிய என்று சொல்லிவிட்டேன், அடுத்த வரி கண்ணுக்குத் தெரிகிறது, வாய்க்கு வரவில்லை. நான் காகிதத்தை மடித்தேன். "எழுதிட்டு வந்தத நான் படிக்கல. எங்கிட்ட ஒரு புள்ள படிச்சது. நான் அத வர வேண்டாம்னு சொல்லி அனுப்பிட்டேன்" என்றேன். அப்புறம் சொன்னேன். அதிகாரி வந்ததைச் சொன்னேன், தேர்வைச் சொன்னேன், ஆண்டு விழாவைச் சொன்னேன், நாளைக்கு ஒரு நாள் மட்டும் என்று நான் சொன்ன வார்த்தையை அப்படியே சொன்னேன். அந்த அம்மா சொன்ன பதிலையும் சொன்னேன். மண்டபத்தில் செல்போன் பார்க்கிற தலைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. மூன்றாவது தடவை வரைக்கும் சொல்லிவிட்டேன். நான்காவது அங்கேயே நின்றது, நாக்கின் மேலே. அதைச் சொன்னால் ஐந்தாவதைச் சொல்ல வேண்டும். "அப்புறம் அந்தக் குழந்தை வரல" என்றேன். வரவில்லை. அவளே வராமல் போனதுபோல. வாசல் நிலையில் நின்றவளை, எழுபத்தொன்று என்று எழுதிக்கொண்டிருந்த கையை, வாசற்படியில் சிரித்தவளை, எதையும் சொல்லவில்லை. "அந்தக் குழந்தைதான் எனக்குப் பாடம் சொல்லிக் குடுத்தது" என்று முடித்தேன், எங்கிருந்து வந்தது அந்த வாக்கியம், அதை நான் யோசிக்கவே இல்லை, மேடை என்றால் அப்படி ஒரு வாக்கியம் தானாகவே வந்து நின்றுவிடுகிறது.

கைதட்டினார்கள். நிற்காமல் கைதட்டினார்கள். முதன்மைக் கல்வி அலுவலர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார், மைக்கை வாங்கி, இந்த நேர்மைக்கு நாம் எல்லாரும் தலைவணங்க வேண்டும் என்றார், எனக்குச் சால்வை போர்த்தினார்கள், போட்டோ எடுத்தார்கள், போட்டோவுக்கு நான் சிரித்தேனா என்று நினைவில்லை, சிரித்திருப்பேன். யாராவது ஒருவர் எழுந்து, நீயெல்லாம் ஒரு டீச்சரா என்று கேட்பார்கள் என்றுதான் நான் காத்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. அதற்காகத்தான் மேடையேறினேனோ. ஒருவரும் கேட்கவில்லை. கீழே வந்து உட்கார்ந்ததும் குருவம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள், அவள் கண் கலங்கியிருந்தது. "நானுந்தான் சொல்லியிருக்கேன் தமயந்தி. யாருதான் சொல்லல? இதுக்குப் போய் மனசப் போட்டு வதைச்சுக்காத. நீ ஒண்ணும் வேணும்னு செய்யலையே." முன்வரிசையிலிருந்த மூக்குத்திப் பெண் மட்டும் கைதட்டவில்லை. திரும்பி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு முன்பக்கம் திரும்பிக்கொண்டாள். கோபமா, அலுப்பா, இதெல்லாம் தெரிந்ததுதானே என்பதா, படிக்க முடியவில்லை. அந்த ஒரு பார்வைதான் இன்றைக்கு எனக்குக் கிடைத்த நியாயம். அதைப் பிடித்துக்கொண்டு மதியம் வரை உட்கார்ந்திருந்தேன். பேசியவர் யார், என்ன பேசினார், ஒன்றும் ஏறவில்லை.

சாப்பாட்டு வரிசையில் தட்டோடு நிற்கும்போது பவுலின் வந்தாள். சிறப்பாசிரியை, அந்தப் பழைய ஊரெல்லாம் அவள் ஒன்றியத்தில்தான் வருகிறது, ஸ்கூட்டரில் வீடு வீடாகப் போய் நடக்க முடியாத பிள்ளைகளுக்குக் கை கால் பயிற்சி கொடுப்பவள், முப்பது வயசு இருக்கும். என் பேச்சைப் பாராட்டுவாள் என்று நினைத்து முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டேன். அவள் பாராட்டவில்லை. தோள்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். "டீச்சர், அந்தப் பொண்ணு பேரு என்ன? நீங்க சொல்லவே இல்லையே." பத்து நிமிஷம் பேசினேன். ஒரு குழந்தை, அந்தக் குழந்தை, ஒரு தாய். பெயரைச் சொல்லவே இல்லை. "வள்ளிமயில்" என்றேன். "அம்மா பேரு மாரிக்கனி." எழுதினாள். "வயசு?" "அப்ப எட்டு. இப்ப இருபது." பேனா நின்றது. "பதினெட்டோட நம்ம லிஸ்ட் முடிஞ்சிரும் டீச்சர்" என்றாள், குற்றம் சொல்கிற குரலில் இல்லை, பஸ் போய்விட்டது என்று சொல்கிற குரலில். "பரவால்ல, வேற ஆபீஸ் இருக்கு, அங்க சொல்லிப் பாப்பம். இப்ப எங்க இருக்காங்க?" தட்டில் சாம்பார் சாதத்தை யாரோ வைத்துவிட்டுப் போனார்கள். எங்கே இருக்கிறார்கள்? கடைசியாகப் பார்த்து பத்து வருஷம். ஊரை விட்டே போயிருக்கலாம். அந்தப் பிள்ளை இருக்கிறாளா? இருக்கிறாளா என்றே தெரியாமல்தான் முந்நூறு பேருக்கு அவளை எடுத்துப் பரிமாறிவிட்டு வந்திருக்கிறேன். "தெரியாது பவுலின்" என்றேன். ஊர்ப் பெயரை மட்டும் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை. செல்போனை எடுத்தாள், அந்த ஊர் அங்கன்வாடி அம்மாவைக் கூப்பிட்டாள். "யக்கா, உங்க ஊர்ல மாரிக்கனின்னு, மகளுக்கு முடியாம... ஆமா... ஆமா... அப்படியா... எத்தன வருஷமா? சரிக்கா." அவ்வளவுதான். வரிசை நான்கு அடிகூட நகர்ந்திருக்காது.

"அதே வீட்டுலதான் இருக்காங்களாம் டீச்சர்" என்றாள். "பொண்ணு இருக்கு. அம்மாவுக்குத்தான் இடுப்பெலும்பு தேஞ்சு போச்சாம், தூக்க முடியலயாம். அந்தப் பொண்ணு வீட்டுக்கு வெளிய வந்து மூணு வருஷமாச்சாம்." நான் தட்டைப் பக்கத்து மேஜையில் வைத்தேன். மூன்று வருஷம். வாசற்படிகூட இல்லை, தெருகூட இல்லை. நான் ஏழு வீடுகளின் கதவைத் தட்டிக்கொண்டிருந்த அதே மூன்று வருஷம். "நான் இப்பவே போய்ப் பாத்துட்டு வந்துரலாம்னு இருக்கேன். நீங்களும் வாறீங்களா?" என்று பவுலின் சாவியை எடுத்தாள். மண்டபத்துக்குள் மதிய அமர்வுக்கு மணி அடித்தார்கள். குருவம்மாள் தூரத்தில் கை காட்டிக் கூப்பிட்டாள். என்ன சொல்வேன் அங்கே போய், எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது, மேடையில் சொன்னதை அந்த வீட்டு வாசலில் சொல்ல முடியுமா, சொல்லி யாருக்கு என்ன. சால்வையை மடித்துப் பைக்குள் அடைத்தேன், கண்ணுக்குத் தெரியாதபடி அடியில் அமுக்கினேன். வெளியே வெயில் முகத்தில் அறைந்தது. ஸ்கூட்டர் பின்சீட் சுட்டது. அப்படியே உட்கார்ந்துகொண்டேன். பைபாஸைத் தாண்டியதும் கரிசல் காடு இரண்டு பக்கமும் வெறுமையாகக் கிடந்தது, காற்றில் பவுலின் என்னவோ சொன்னாள், கேட்கவில்லை. திட்டினால் தாங்கிக்கொள்வேன். கதவைச் சாத்தினால் வெளியே நிற்பேன், எத்தனை நேரம் வேண்டுமானாலும் நிற்பேன். ஆனால் மாரிக்கனி திட்ட மாட்டாள். எனக்குத் தெரியும், நான் உள்ளே நுழைந்ததும் அந்தத் தேய்ந்த இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்திரிக்கப் பார்ப்பாள், "வாங்க டீச்சர், வாங்க" என்பாள், பக்கத்து வீட்டுக்கு நாற்காலி கேட்டு ஆள் அனுப்புவாள்.